ஆமணக்குப் புழு கொடுத்த வீடு

அந்தக் காலத்தில் பூச்சிகளுக்கெல்லாம் வாய் இருந்தது, குலம்தான் இல்லை. யாருக்கு யார் உறவு என்றே தெரியாததால் கல்யாண வீடுகளில் ஒரே அடிதடி. பொறுக்க முடியாமல், ஒரு விடியற்காலையில் ஆமணக்குச் செடியடியில் கூட்டம் கூட்டி ஓணானை நடுவராக வைத்தார்கள். ஓணான் தலையாட்டினால் குலம் உறுதி. குலம் கிடைத்தவர்களுக்கே முட்டையிட இடமும் உண்டு.

கடைசியில் மிஞ்சியவள் பொடிச்சி. கடுகில் பாதிதான் இருப்பாள், பாவம், நிறைசூலி வேறு. வெயில் ஏறுவதற்குள் இடம் கிடைக்காவிட்டால் முட்டையெல்லாம் வீண்.

ஓணான் கண்ணை இடுக்கிக்கொண்டு, "கொசுதானே நீ?" என்றது.

"ஐயே, எங்க பிள்ளைன்னா ரத்தம் குடிக்கணுமே!" என்று கொசுக்கள் கைவிரித்தன. எறும்புகளும் தங்கள் வரிசையை நெருக்கிக்கொண்டன.

"நான் குளவி, மாமா" என்றாள் பொடிச்சி.

மேல் இலையில் தின்று கொழுத்துக் கிடந்த ஆமணக்குப் புழு உருண்டு புரண்டு சிரித்தது. "இது குளவின்னா நான் யானை! இது மட்டும் குளவியா இருந்துட்டா, என் வயித்துக்குள்ளயே வந்து முட்டை போடட்டும்!"

சபையில் சொன்ன சொல்லை யாரும் திரும்பப் பெறக் கூடாது. அதுதான் பூச்சிகளின் கட்டுப்பாடு. புழுவுக்கு அது மறந்துபோயிற்று.

பொடிச்சிக்கு அழுகை முட்டியது. ஆனால் அழ நேரமில்லை. இலையில் ஒரு பனித்துளி இன்னும் காயாமல் இருந்தது. அதன் பின்னால் போய் நின்று இறக்கையை விரித்தாள்.

"இதுக்குள்ள பாருங்க மாமா."

துளி வழியே பொடிச்சி பெரிதாகத் தெரிந்தாள். நான்கு இறக்கைகள், அவற்றில் ஓடும் நரம்புக் கோடுகள், தொட்டால் ஒடிவது போன்ற இடுப்பு. ஓணான் பெரிய குளவி ஒருத்தியைப் பக்கத்தில் நிறுத்தி, மாறி மாறிப் பார்த்தது.

"அடியே, நீ குளவியேதான்!" என்று தலையாட்டியது. பெரிய குளவிகள் "எங்க தங்கச்சி!" என்று கொண்டாடின.

"நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்" என்று இழுத்தது புழு.

"எனக்கு விளையாட நேரமில்லை, அண்ணே" என்று பொடிச்சி அதன் முதுகில் போய் உட்கார்ந்தாள். முட்டைகள் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கின; பொரிக்கும் குஞ்சுகளுக்கு இனி அதன் உடம்பே வீடும் சோறும். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அன்று முதல்தான் குட்டிக் குளவிகளை இனம் பிரிப்பவர்கள் உருவ அளவை நம்பாமல், பூதக்கண்ணாடி வைத்து இறக்கை நரம்பைப் பார்க்கிறார்கள். ஆமணக்குப் புழுவோ, கண்ணுக்குத் தெரியாத ஒரு பொடிக் குளவி கிட்டே வந்தாலும் உடம்பை உதறிக்கொண்டு துள்ளுகிறது.