வைத்தியர் கொடுத்த கொட்டை

இந்தக் கதை என்னுடையது அல்ல. எங்கள் கல்லூரி சைக்கிள் அணியில் இருந்த நாச்சிமுத்து சொன்னது. அவனுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டதற்கு, பந்தயத்துக்குப் போகிற பஸ்ஸில் யாரோ சொன்னார்கள் என்றான். ஊக்கமருந்து போட்டுக்கொண்டு ஜெயித்த ஒரு சைக்கிள் வீரர், இத்தனை வருடம் கழித்து அதை வெளியே சொல்லலாமா கூடாதா என்று அன்று மெஸ்ஸில் பெரிய வாக்குவாதம். நாச்சிமுத்து தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து இதைச் சொன்னான். கதையில் பிழை இருந்தால் பாதி அவனுடையது, பாதி என்னுடையது.

மலையடிவாரக் காட்டில் ஓர் ஏரி இருந்தது. ஆடி மாதம் வந்தால் விலங்குகள் அந்த ஏரியைச் சுற்றிப் பந்தயம் ஓடும். ஆடிக் காற்று கணவாய் வழியாகப் புகுந்து, எதிரே வருபவரைப் பிடித்துத் தள்ளும். தனியாக ஓடினால் ஏரியில் பாதி சுற்றுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். அதனால் எல்லாம் கூட்டமாகத்தான் ஓடும். ஒன்று முன்னால் போய்க் காற்றைத் தாங்கும். மற்றவை அதன் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு வரும். முன்னால் போனது களைத்ததும் அடுத்தது முன்னே போகும். இதற்குக் காற்றுமுறை என்று பெயர். கடைசி மேட்டில்தான் அவரவர் பாடு. காற்றுமுறையில் இடம் இல்லையென்றால் பந்தயத்திலேயே இல்லாத மாதிரிதான்.

அந்தப் பந்தயத்துக்கு ஒரு வைத்தியர் இருந்தார். அவர் ஓர் இருவாச்சிப் பறவை. பெரிய அலகு, அலகின் மேல் இன்னொரு அலகு கவிழ்த்த மாதிரி ஒரு கொண்டை. பார்த்தாலே ரொம்பப் படித்தவர் என்று தோன்றும். எட்டி மரம்தான் அவருடைய வைத்தியசாலை. பந்தயத்துக்கு முன் ஓடுகிறவர்களை மரத்தடியில் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கு ஒரு எட்டிக்கொட்டை கொடுப்பார். சதை துளியும் ஒட்டாமல் பளபளவென்று இருக்கும். மென்றால் உடம்பு முறுக்கேறும். காற்று உறைக்காது, களைப்பும் தெரியாது. வெளியே மட்டும் இதை யாரும் பேசமாட்டார்கள்.

எட்டி விஷமாயிற்றே என்று யாராவது இழுத்தால் வைத்தியர் சிரிப்பார்.

"நான் தினமும் எட்டிப்பழந்தான் சாப்பிடறேன். எனக்கு என்ன ஆச்சு?"

வைத்தியர் நன்றாகத்தான் இருந்தார். கொஞ்சம் பெருத்தும் இருந்தார்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு புள்ளிமானும் ஒரு முயலும் கொட்டையை மென்றுவிட்டு ஒன்றாக ஓடின. மான் ஜெயித்தது. முயல் கடைசி மேட்டில் உடம்பு விறைத்து, வில்லாக வளைந்து விழுந்தது. உயிர் தப்பியது, ஆனால் ஒரு பின்னங்கால் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. பந்தயத் தலைவர் நரி, முயலுக்குப் பயத்தில் வலிப்பு வந்துவிட்டது என்று அறிவித்தார். கொட்டையால்தான் இப்படி ஆனது, வேண்டுமானால் மானைக் கேளுங்கள் என்று முயல் கதறியது. மானைக் கேட்டார்கள். தனக்கு ஒன்றும் தெரியாது என்று மான் சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகு மான் கொட்டையைத் தொடவில்லை. ஜெயிக்கவும் இல்லை. ஆனாலும் அது பழைய வெற்றி வீரன்தானே. அந்தக் கடைசி மேட்டுக்கு, இந்த வருடப் பந்தயத்தன்று, மான்மேடு என்று பெயர் வைக்க நரியார் ஏற்பாடு செய்தார்.

பெயர் வைக்கும் நாளுக்கு முந்தின நாள் ஒரு செய்தி பரவியது. இந்த வருடம் காற்று பலமாக இருப்பதால், ஒன்று போதாது, ஆளுக்கு இரண்டு கொட்டை என்று வைத்தியர் சொல்லிவிட்டாராம்.

மான் நேராகக் காட்டுப்பன்றியிடம் போனது. காற்றுமுறையில் மானுக்கு முன்னால் ஓடுவது பன்றிதான். அதன் முதுகு அகலத்துக்கு இரண்டு மான் ஒண்டலாம். எல்லாவற்றையும் வெளியே சொல்லிவிடப் போவதாக மான் சொன்னது.

"மாப்ள, நாளைக்கு உன் பேர்ல மேடு. இன்னிக்கு வந்து வாயத் தொறக்கறேங்கற. கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்றது பன்றி.

"ரெண்டு மென்னா செத்துப்போவீங்க."

"நான் பன்னிடா. எதத் தின்னாலும் செரிக்கும்."

"முயலுக்கு ஒண்ணுலயே கால் போச்சு."

பன்றி சிறிது நேரம் மூக்கால் மண்ணைக் கிளறியது. பிறகு தலையைத் தூக்காமல் பேசியது.

"நீ மென்னேன்னு சொன்னா, உன்கூட ஓடுன நானும் மென்னேன்னுதான் அர்த்தம். வீட்ல குட்டிங்க மூஞ்சில நான் எப்படி முழிக்கறது? சொல்றதுன்னா சொல்லிக்கோ. அப்பறம் என் முதுகு உனக்கில்ல."

மறுநாள் மரத்தடியில் எல்லாம் கூடின. ஆளுக்கு இரண்டு கொட்டை வாய்க்குள் போய்விட்டது. மெல்லுவதற்கு முன் நரியார் பேச ஆரம்பித்தார். மானின் உழைப்பு, மானின் ஒழுக்கம், மானின் நேர்மை என்று அடுக்கிக்கொண்டே போனார். வாயில் கசப்பை வைத்துக்கொண்டு எல்லாம் முகத்தைச் சுளித்தபடி கேட்டன. பேச்சு முடிந்ததும் மான் முன்னால் வந்தது.

"மேட்டுக்கு என் பேர் வேண்டாம். நான் கொட்டைய மென்னுதான் ஜெயிச்சேன். முயல் விழுந்ததும் கொட்டையாலதான். அது எனக்கு அன்னிக்கே தெரியும். தெரியாதுன்னு பொய் சொன்னேன். வாயில இருக்கறதத் துப்பிருங்க."

ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். வாயில் கொட்டை இருந்ததால் பாதி புரியவில்லை. புரிந்த வரையில், கொட்டையின் மேல் யாருக்கும் கோபம் இல்லை. ஜெயிக்கிற வரை சும்மா இருந்துவிட்டு, கால் ஓய்ந்த பிறகு யோக்கியன் வேஷமா என்று காட்டாடு கேட்டது. மான் அதை மறுக்கவில்லை.

நரியார் உடனே ஒரு விசாரணைக் குழு அமைத்தார். எட்டியைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர் என்பதால் இருவாச்சியையே அதற்குத் தலைவராகப் போட்டார். குழு அந்த எட்டி மரக் கிளையிலேயே கூடியது. கொட்டையில் குற்றம் இல்லை, மான் பேசியதில்தான் குற்றம் என்று கண்டுபிடித்துக் கலைந்தது.

அப்போது முயல் காலை இழுத்துக்கொண்டு மானிடம் வந்தது.

"அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும். இப்பச் சொல்லி என் காலு மடங்கப்போவுதா?"

"மடங்காது" என்றது மான்.

"அப்ப இங்க நின்னு அழுது வடியாத. போய் ஓடு."

பந்தயம் தொடங்கியது. மான் பன்றியின் முதுகுக்குப் பின்னால் போனது. பன்றி விலகியது. காட்டாட்டின் பின்னால் போனது. அதுவும் விலகியது. மான் எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் கூட்டம் பிளந்தது. கடைசியில் கூட்டம் முன்னே போய்விட்டது. மான் தனியாக ஓடியது. காற்று அதன் காதுகளைப் பின்னுக்கு மடித்தது. சில இடங்களில் ஓடுகிறதா, நிற்கிறதா என்றே தெரியவில்லை.

அது மேட்டில் ஏறியபோது பூமாலையும் இல்லை, கூட்டமும் இல்லை. மேட்டுக்கு 'வைத்தியர் மேடு' என்று பெயர் வைத்து முடித்திருந்தார்கள். முயல் மட்டும் ஒரு பாறை மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது.

"யாராவது விழுந்தாங்களா?" என்று மான் மூச்சிரைக்கக் கேட்டது.

"ஒருத்தரும் விழல. எல்லாம் பொணம் மாதிரி களைச்சு வந்துச்சுங்க. இந்த மேட்ட இவ்வளவு மெதுவா யாரும் ஏறி நான் பார்த்ததில்ல" என்றது முயல். பிறகு, "மரத்தடிக்குப் போய்ப் பாரு" என்றது.

மான் போய்ப் பார்த்தது. ஓட்டம் தொடங்கிய இடத்தில் மண் முழுக்கக் கொட்டைகள். வைத்தியர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் ஒவ்வொன்றும் சத்தமில்லாமல் துப்பியிருந்தது. எதைத் தின்றாலும் செரிக்கும் என்ற பன்றி நின்ற இடத்தில்தான் அதிகம். இரண்டு போதாதென்று அது தனக்குத் தெரிந்தவர்களிடமும் வாங்கி வாயில் போட்டிருந்தது போல.

பன்றி அந்த வழியாக வந்தது. மானைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நடந்தது. நாலடி போய்த் திரும்பியது.

"நான் ஒண்ணும் துப்பல. தவறி விழுந்துருச்சு" என்றது.

தான் விழுங்கியதை வாய்விட்டுச் சொல்கிறவர் எவ்வளவு தாமதமாகச் சொன்னாலும், தன் பெயரையே இழந்தாலும், அடுத்தவர் விழுங்குவதைத் தடுக்கிறார்.

நாச்சிமுத்து இதோடு கதையை முடித்துவிட்டான். எனக்குத்தான் ஒரு சந்தேகம் போகவில்லை. தினமும் எட்டிப்பழம் தின்ற வைத்தியருக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை? நூலகத்தில் பறவைகளைப் பற்றிய புத்தகங்களைத் தேடிப் பார்த்தேன். இருவாச்சி எட்டிப்பழம் தின்பது உண்மைதான். ஆனால் சதையை மட்டும்தான் தின்கிறது. கொட்டையை மரத்தடியில் கக்கிவிடுகிறது.