பந்தியில் ஒரு டம்ளர்

வெள்ளாறுப்பட்டி மடத்தில் வெள்ளிக்கிழமைப் பந்தியின் முதல் இலை பதினோரு வருஷமாக ஒருவருக்குத்தான். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருக்கும் தில்லைநாயகத்துக்கு. சாமியிடம் உபதேசம் கேட்கப் போகிறார் என்று டிப்போவில் சொல்வார்கள். சாம்பாருக்கு வருகிறார் என்று மடத்தில் சொல்வார்கள். இரண்டும் உண்மை. ஐம்பத்தொரு வயதில் தொண்ணூற்றாறு கிலோ என்பது உபதேசத்தால் ஏறியதல்ல.

ஆறு வாரம் வராமலிருந்துவிட்டு அந்த வெள்ளிக்கிழமை அவர் ஒரு துணிப்பையோடு வந்தார். சாமி கிணற்றடியில் வாழை இலை நறுக்கிக்கொண்டிருந்தார். சாமி அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் தில்லைநாயகம் கும்பிட்டுவிட்டுத் தரையில்தான் உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தார்.

"இது நல்லதா கெட்டதான்னு சொல்லுங்க சாமி."

"என்ன இது?"

"பொடி. சோத்துக்குப் பதிலா இதைக் கரைச்சுக் குடிக்கணும். மூணு வேளையும் இதேதான். வெள்ளரிக்காய் வேணும்னா கடிச்சுக்கலாம். உடம்பு இறங்கறதுக்கு."

"இறங்குச்சா?"

"அஞ்சு வாரத்துல எட்டு கிலோ."

"அப்புறம் என்ன?"

தில்லைநாயகம் சட்டைப் பையிலிருந்து ஒரு டிரிப் ஷீட்டை எடுத்துப் பிரித்தார். பின்பக்கத்தில் நடுவே கோடு போட்டு எழுதியிருந்தார். இருபத்தாறு வருஷமாக பஸ் வந்த நேரம், போன நேரம் என்று எழுதிய கை. துக்கத்தைக்கூட அதற்குக் கோடு போட்டுத்தான் எழுதத் தெரியும்.

துக்கம் மங்கையைப் பற்றியது. அவருடைய ஒரே பெண், தாயில்லாதவள். இருபத்து மூன்று வயதில் அவளுக்குக் கல்லீரல் கெட்டுப்போயிருந்தது. அப்பாவின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து வைத்தால் பிழைப்பாள் என்றார்கள் டாக்டர்கள். ரத்தம் பொருந்தியது. ஆனால் ஸ்கேனில் அப்பாவின் கல்லீரல் முழுக்கக் கொழுப்பு. பத்து வாரத்துக்குள் பன்னிரண்டு கிலோ குறைத்து அதைக் கரைத்துக்கொண்டு வாருங்கள், அதற்குமேல் அவளால் காத்திருக்க முடியாது என்று சொல்லி அனுப்பினார்கள். பொடியை எழுதிக் கொடுத்ததும் அவர்கள்தான்.

"நல்லதை முதல்ல படிக்கிறேன்" என்றார் தில்லைநாயகம். "எடை சீக்கிரம் இறங்குது. சர்க்கரை குறைஞ்சிருக்கு. மூச்சு வாங்காம மாடிப்படி ஏறறேன். என்ன சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம்னு மண்டையை உடைச்சுக்க வேண்டாம். ரெண்டு கரண்டி பொடி, ஒரு டம்ளர் தண்ணி. முடிஞ்சது."

"கெட்டது?"

"வெளிக்குப் போகவே மாட்டேங்குது. தலை சுத்துது, முடி கொட்டுது. எதுக்கெடுத்தாலும் கோபம் வருது, போன மாசம் ஒரு டிரைவரை அடிக்கப் போயிட்டேன். நிறுத்தினா இறங்கினதெல்லாம் திரும்ப ஏறிடும்கிறாங்க. இது எப்படிச் சாப்பிடணும்னு சொல்லித் தரலை சாமி. சாப்பிடாம இருக்கத்தான் சொல்லித் தருது."

"அவ்வளவுதானா?"

தில்லைநாயகம் தாளை மடித்தார். "ஒண்ணு எழுதலை. மங்கை சாப்பிட மாட்டேங்கறா."

சாமி இலை நறுக்குவதை நிறுத்தவில்லை.

"எதிர்ல நான் டம்ளரோட உக்காந்தா தட்டைத் தள்ளி வச்சிடறா. நீங்க பட்டினி கிடக்கும்போது எனக்கு எப்படிப்பா தொண்டையில இறங்கும்கிறா. தனியா விட்டாத் தொடவே மாட்டா. இப்ப முப்பத்தெட்டு கிலோ இருக்கா. இன்னும் இளைச்சா ஆபரேஷன் தாங்காதாம்."

"என்ன செஞ்சீங்க?"

"பொய் சொன்னேன். டாக்டர் பொடி போதும்னுட்டாரும்மான்னேன். போன வாரம் பூரா அவளோட உக்காந்து சோறு தின்னேன். அவளும் தின்னா. கேட்டு வாங்கித் தின்னா. நேத்து எடை பார்த்தா எனக்கு ஒன்றரை கிலோ ஏறியிருக்கு."

அவர் மடித்த தாளை இன்னும் ஒருமுறை மடித்தார்.

"நான் தின்னா என் ஈரல் உதவாது. தின்னலைன்னா அவ உடம்பு தாங்காது. என் பொண்ணோட உசுரு என் தொப்பைக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கு சாமி. நாலு வாரம்தான் இருக்கு. அதைவிடக் கேவலம் ஒண்ணு சொல்லட்டுமா? அந்த ஏழு நாளும் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. பொண்ணு சாகக் கிடக்கறா, எனக்கு ரசம் ருசிக்குது."

இதைச் சொல்லிவிட்டு அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். டிப்போவில் நாற்பது டிரைவர்களை அதட்டும் மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

சாமி கடைசி இலையை அடுக்கில் வைத்தார்.

"மணி அடிக்கப் போறாங்க. வந்து உக்காருங்க."

"நான் சாப்பிடக் கூடாதே."

"டம்ளரோட உக்காருங்க."

தில்லைநாயகம் பொடியைக் கரைத்துக்கொண்டு முதல் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். இலையைத் துடைத்து வெறுமனே விட்டார். வரிசையில் மற்ற இலைகளில் சோறு விழுந்தது, அவரைக்காய் விழுந்தது, சாம்பார் ஓடியது. அவர் டம்ளரைத் தூக்கிக் குடித்தார். இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது.

கடைசி ஆள் இலையை மடிக்கும்வரை யாரும் எழக் கூடாது என்பது அந்த மடத்து வழக்கம். அவர் காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எச்சில் ஊறியது, விழுங்கினார். மறுபடி ஊறியது. எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இலையைப் பார்த்தால் சாப்பிட ஏங்குவது போல இருந்தது, ஆட்களைப் பார்த்தால் கண் வைப்பது போல இருந்தது.

பக்கத்து இலையில் ஒரு டயர் கடைக்காரர். ஏழெட்டு வருஷப் பழக்கம். இரண்டு கவளம் தின்றுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்லை. நீங்க சாப்பிடுங்க."

இன்னும் ஒரு கவளம் போனது. அப்புறம் டயர் கடைக்காரர் சோற்றை விரலால் அளைந்தார். ரசம் வேண்டாம் என்றார், மோர் வேண்டாம் என்றார். பாதிச் சோறு கிடக்க இலையை மடித்தார்.

"தப்பா நினைக்காதீங்க. நீங்க இப்படி உக்காந்திருந்தா எனக்கு இறங்க மாட்டேங்குது."

தில்லைநாயகத்துக்கு அது மங்கையின் குரலில் கேட்டது.

எல்லோரும் எழுந்ததும் நேரே சாமியிடம் போனார். "புரிஞ்சது சாமி. பொடி கெட்டதுதான். விட்டுடறேன்."

"விட்டா ஈரல்?"

"கெடும்."

"அப்ப பொடி நல்லது."

"குடிச்சா அவ சாப்பிட மாட்டாளே."

"அப்பக் கெட்டது."

"என்னை என்னதான் செய்யச் சொல்றீங்க?" பதினோரு வருஷத்தில் அவர் சாமியிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. பசியும் சேர்ந்துகொண்டது.

சாமி அடுப்படிக்குப் போய் ரசம் வாளியையும் கரண்டியையும் எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

"இரண்டாம் பந்தி உக்காந்தாச்சு. ஊத்துங்க."

ஊற்றினார். பதினோரு வருஷம் அந்தப் பந்தியில் சாப்பிட்டவருக்குப் பரிமாறத் தெரியவில்லை. முதல் இலையில் ரசம் வழிந்து எதிரே இருந்தவர் வேட்டியை நனைத்தது. மிளகும் பூண்டுமாக ஆவி முகத்தில் அடித்தது. அப்படியே வாளியில் வாயை வைத்துவிடலாமா என்றிருந்தது. குனிந்தார், ஊற்றினார், நகர்ந்தார். நாலாவது இலையில் கை பழகியது. கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு பெண் போதும் என்று கை காட்டினாள். "பால் குடுக்கறவ, இன்னும் கொஞ்சம் போட்டுக்கம்மா" என்று ஊற்றினார். அவள் சிரித்துவிட்டு முழுக்கச் சாப்பிட்டாள். வரிசையின் கடைசிவரை போய்த் திரும்பவும் வந்தார். எந்த இலையிலும் சோறு மிஞ்சவில்லை.

வாளியோடு சாமிக்கு எதிரே வந்து நின்றார்.

"ஒருத்தர்கூடக் கேக்கலை சாமி."

"என்னன்னு?"

"நான் சாப்பிட்டேனான்னு."

தில்லைநாயகத்துக்கு முகம் சற்றுத் தெளிந்தது. வீட்டில் இனி மங்கைக்கு எதிரே உட்கார வேண்டாம். நின்றுகொண்டு பரிமாற வேண்டும். நீங்க சாப்பிடலையா என்று கேட்டால், நீ சாப்பிடும்மா, நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன் என்று சொன்னால் போயிற்று. பொடி நின்றுவிட்டதாகத்தான் அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். டம்ளரை அடுக்களையில் வைத்துக் குடித்துக்கொள்ளலாம். நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன். மனசுக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். தினமும் கேட்ட பேச்சாகத் தோன்றியது.

"உங்க வீட்டுல முந்தி யார் பரிமாறினாங்க?" என்று கேட்டார் சாமி.

"என் சம்சாரம். சௌந்தரம்."

"அவங்க எப்பச் சாப்பிடுவாங்க?"

"நாங்க எழுந்ததுக்கு அப்புறம்."

"என்ன சாப்பிடுவாங்க?"

தில்லைநாயகம் வாயைத் திறந்தார். இருபது வருஷம் அவளோடு குடித்தனம் செய்தவர். எந்த பஸ் எந்த நாளில் எத்தனை நிமிஷம் தாமதம் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். சௌந்தரம் கையில் கரண்டியோடு நிற்பது ஞாபகம் வந்தது. இன்னும் கொஞ்சம் என்று அவர் நீட்டிய தட்டு ஞாபகம் வந்தது. அவள் முன்னால் ஒரு தட்டு இருந்து அவர் பார்த்ததே இல்லை. ஏதாவது மிச்சம் இருந்ததா? அவர் மூக்குப் பிடிக்கத் தின்று எழுந்த நாட்களில் அவள் எதைத் தின்றாள்? கேட்கலாம் என்றால் அவள் போய் நாலு வருஷமாகிறது.

"தெரியாது சாமி" என்றார். வாளியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

சாமி வாளியை ஓரமாக நகர்த்திவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க என்ன சாப்பிடறீங்கன்னு மங்கைக்கும் தெரியாமப் பார்த்துக்குங்க" என்றார்.