மடு வரை ஓடிய கடமான்

கடமானுக்கு முதலில் கெடுதல் செய்தது மந்திதான். அத்திமர உச்சியில் இருந்து காவல் பார்ப்பது அதன் வேலை. செந்நாய்கள் வந்தால் மந்தி குரல் கொடுக்கும், மான்கள் ஓடும். அந்தக் காட்டின் வழக்கம் அது. சென்ற கோடையில் ஒருநாள் செந்நாய்கள் வந்தும் மந்தி குரல் கொடுக்காமல் பழம் தின்பதிலேயே இருந்துவிட்டது. கடமானின் பின்னங்கால் கடிபட்டது. மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, மூச்சும் இளைத்தது.

செந்நாய்கள் மீண்டும் வரும். ஆழமான மடுவில் இறங்கிவிட்டால் பிழைக்கலாம். ஆனால் மடு வரை ஓடக் கடமானால் முடியாது.

ஒரு காலையில் அது ஓடிப் பார்த்தது. பாதி வழியில் இருந்த புற்றருகே இருமிக்கொண்டு படுத்துவிட்டது. மறுநாள் கால் வீங்கியது. இரண்டு நாள் கிடந்தது. பிறகு தினமும் கொஞ்சம் நடந்து, கொஞ்சம் ஓடியது.

"என்ன அண்ணே, இந்த வயதில் பந்தயமா?" என்றது மந்தி.

"உன்னை நம்பி ஒரு கால் போயிற்று. மீதி மூன்றைப் பழக்குகிறேன்."

"நான் வேண்டுமானால் பொய்யாகக் குரல் கொடுக்கட்டுமா? பயத்தில் வேகம் வரும்."

கடமான் காதை நிமிர்த்தியது. மந்திக்கு ஏன் திடீரென்று இத்தனை அக்கறை? பொய்க்குரல் பழகிவிட்டால், நிஜக்குரலுக்கு யார் ஓடுவார்கள்?

"உன் உதவி எனக்கு வேண்டாம்" என்றது.

புள்ளிமான்களுக்கோ அந்த விளையாட்டு பிடித்துப்போனது. மந்தி தினமும் கத்தியது. அவை முதலில் ஓடின, பிறகு சிரித்தன, பிறகு தலையைக்கூடத் தூக்கவில்லை.

ஒரு நண்பகலில் மந்தி கத்தியது. புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டே இருந்தன. கடமானும் அதை நம்பவில்லை. ஆனால் காற்றை மோந்து பார்த்தது. செந்நாய் வாடை! உடனே ஓடியது.

"நொண்டி அண்ணன் சும்மா வெயிலில் ஓடமாட்டாரே. இது நிஜம்தான்!" என்றது ஒரு புள்ளிமான். எல்லாம் பின்னால் பாய்ந்தன.

புற்றைக் கடந்தபோது நெஞ்சு விசில் அடித்தது. கடமான் நிற்கவில்லை. கழுத்தளவு நீரில் போய் நின்ற பிறகுதான் இருமியது. புள்ளிமான்களும் மடுவில் இறங்கிவிட்டன. கரையில் செந்நாய்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டன.

"நான் கத்தினேன், நீ பிழைத்தாய். பழையதை மறந்துவிடு, அண்ணே" என்றது மந்தி.

"கத்தியது நீ. ஓடியது என் கால். அன்று நீ கத்தாததற்கு மன்னிப்பென்று இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே."

மந்தி வேறு கிளைக்குத் தாவியது. அந்த ஒரு வார்த்தையை இன்றுவரை அது சொல்லவில்லை. கடமானும் விட்டுக்கொடுக்கவில்லை.

பிறர் காவலை நம்பிக் காலைச் சும்மா விடாதே. நோய்ப்பட்ட காலானாலும் நாள்தோறும் பழகினால் அதுவே உயிரைக் காக்கும்.