மேனேஜர் அறை ஜன்னல்

பழைய ஆபீஸ் கட்டடத்தின் இற்றுப்போன மரஜன்னல்களைக் கழற்றி, கரண்ட் மிச்சமாகட்டும் என்று கண்ணாடி ஜன்னல் போட்டார்கள். அப்படியும் கட்டடம் குளிரவில்லை. மேனேஜர் தணிகாசலம், கூட்டிப் பெருக்கும் செங்கமலத்தைக் கூப்பிட்டுக் கனைத்தார்.

"ம்ஹ்ம். ஏசிக் குளிரு எங்கேம்மா போகுது? நீதான் எதையோ திறந்து வைக்கிறே. சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடி, இல்லேன்னா நாளையிலேர்ந்து வராதே."

"காத்தைத் தேடணுமா? சரி சார்," என்று அலுத்துக்கொண்டவள், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியோடு, வலிக்கிற முட்டியை இழுத்துக்கொண்டு அறை அறையாகப் போனாள். எங்கும் புகை அப்படியே நின்றது. மேனேஜர் அறையில் மட்டும் திரைச்சீலைக்குப் பின்னால் ஓடியது. விலக்கினால், கழற்றாமல் விட்ட பழைய மரஜன்னல் ஒன்று ஆவென்று திறந்து கிடந்தது. ஆபீஸே எட்டிப் பார்த்தது.

"அது ஈசானிய மூலை. லட்சுமி வர்ற வழி, மூடக்கூடாதுன்னு ஜோசியர் சொன்னாரு," என்று மேனேஜர் முனகினார்.

"சாத்திடுங்க சார். லட்சுமி வந்தா வாசக்கதவைத் திறந்துவிட ஆள் வேணும். நாளைக்கு நான் வரட்டுமா?"