தெய்வாத்தாள் காட்டு மேல்மண்

மடத்துக்குக் குழாயில் தண்ணீர் வர வேண்டுமென்றால், தெய்வாத்தாளின் கடலைக்காட்டைக் குறுக்கே வெட்டியாக வேண்டும். அரை ஏக்கர். அவரிடம் இருந்த நிலமே அவ்வளவுதான்.

“வெட்டிக்கோங்க சாமி,” என்றார் அவர். “மேமண்ணத் தனியாப் போடுங்க, அடிமண்ணத் தனியாப் போடுங்க. மூடறப்ப அதது அதனதன் எடத்துக்குப் போவோணும். கல்லு வந்தா வரப்புல அடுக்கிருங்க. மழைக்கு மண்ணு ஓடாது.”

வேலையைப் பார்த்துக்கொண்ட சீடர் தண்டபாணி சிரித்தார்.

“மண்ணுல என்னம்மா மேல், கீழ்? எல்லாம் ஒண்ணுன்னு குருநாதர் தினமும் சொல்றாரே, காதுல விழலையா?”

விதைப்புக்கு முன்னால் ஜேசிபி வந்தது. மண் மொத்தமும் ஒரே குவியலாயிற்று. குழாய் பதித்து மூடியபின் மிஞ்சியதைக் காடு முழுக்க நிரவிவிட்டார்கள். கற்கள் மடத்துக்குப் படிக்கட்டாயின.

புரட்டாசியில் தெய்வாத்தாள் மடத்துக்கு வந்தார். மடியிலிருந்து ஒரு வெள்ளைக் கட்டியை எடுத்துக் குருவின் முன்னால் வைத்தார். கல் மாதிரி இருந்தது.

“காடு பூராவும் இந்த அடிமண்ணுதானுங்க சாமி. செடி பூத்துருச்சு. காய் புடிக்கிற விழுது இதுக்குள்ள எப்படீங்க எறங்கும்? வரப்புல கல்லும் இல்ல. மிச்ச மண்ணையும் மழை இழுத்துட்டுப் போயிருச்சு.”

குரு அந்தக் கட்டியை நெரித்துப் பார்த்தார். உடையவில்லை. எழுந்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நந்தவனத்துக்குப் போய், ரோஜாச் செடிகளுக்கு நடுவே மேல்மண்ணைச் சுரண்ட ஆரம்பித்தார்.

தண்டபாணி ஓடிவந்தார். “குருவே! முப்பது வருஷம் சாணமும் சருகும் போட்டு வளர்த்த மண்ணு!”

“மேல் என்ன, கீழ் என்னன்னு கேட்டியாமே. இப்ப ஏன் பதறுற?”

தண்டபாணி குருவின் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கப் போனார்.

“அதை உனக்குச் சொல்லிக் குடுத்தது நான்,” என்றார் குரு. “இன்னிக்கு வரைக்கும் நான் மண்வெட்டியத் தொட்டதில்ல. கூடைய எடு.”

மூன்று நாள் சுமந்தார்கள். படிக்கட்டைப் பெயர்த்துக் கற்களை வரப்பில் அடுக்கினார்கள். நந்தவனமே மொட்டையாயிற்று. அந்த மண் காட்டில் இரண்டு பாத்தியைத்தான் மூடியது.

தெய்வாத்தாள் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார்.

“நல்ல மண்ணுதானுங்க. எங்க ஊட்டுக்காரரு கொளத்து வண்டலா அடிச்சு அடிச்சு ஆக்குன மண்ணு ஒண்ணு இருந்துச்சு. அது அடியில போயிருச்சு.”

தண்டபாணி கூடையைக் கீழே வைத்தார். கைகூப்பினார். “பெரிய தப்புப் பண்ணிட்டேம்மா. மன்னிச்சிருங்க.”

“அட, உடுங்க சாமி. வேணும்னா செஞ்சீங்க?”

கையைத் தட்டிவிட்டு, காட்டைக் குறுக்கே கடந்து வீட்டுக்கு நடந்தார் தெய்வாத்தாள்.

தண்டபாணியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. “மன்னிச்சுட்டாங்க, குருவே.”

குரு அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெதைக்கிற காட்டுக்குள்ள அந்தம்மா ஒருநாளும் செருப்புக் கால் வெச்சதில்ல,” என்றார். “இப்பப் பாரு, செருப்போட போறாங்க.”