ஊக்கு குத்திய செருப்பு

கிட்ட வந்து உட்காருங்க. சத்தமாச் சொன்னா சம்பந்தப்பட்டவங்க காதுல விழும். அவங்க உங்க வாசல்லதான் கிடக்காங்க.

ஒரு ஊரில் இசக்கியம்மாள் என்று ஒரு தையல்காரி இருந்தாள். மிஷினை மிதித்தே பாதி ஆயுசு போய்விட்டது. மலையேறி, மேலே இருக்கிற ஏரியில் தன் கையாலே துடுப்புப் போடணும் என்று அவளுக்கு ஆசை. ஆட்களைக் கூட்டிப்போகிற சுடலைமணியிடம் பேர் கொடுத்தாள். புது பூட்ஸை இப்போதே போட்டு நடந்து பழகணும், படகில் போட்டுக்கொள்ளப் பழைய செருப்பு எடுத்து வரணும் என்று அவன் சொன்னான். காலில் கொப்புளம் கண்டால் பாதி மலையிலேயே திருப்பி அனுப்பிவிடுவானாம். ஏரி கிடையாதாம்.

இசக்கியம்மாள் எல்லாத்துக்கும் தலையாட்டினாள். பூட்ஸை வாங்கினாள், குங்குமம் வைத்தாள், பெட்டியோடு வாசல் அலமாரியில் ஏற்றிவிட்டாள். புதுசை நல்ல நாள் பார்த்துத்தானே போடணும்? கிளம்புகிற அன்றைக்குக் காலையில்தான் நேரம் நன்றாக இருந்தது.

பெட்டிக்குள்ளிருந்து பூட்ஸ் பெருமை பேசியது. தான் மலைக்கென்றே பிறந்ததாம். கீழே கிடக்கிற ரப்பர் கிழடுகள் வாசலைக் காத்தால் போதுமாம்.

"மாப்பிள்ளை ரொம்ப விறைப்பா இருக்காரே," என்றது இடது செருப்பு. "நாங்க இருந்தவரைக்கும் அவ குதிகால்ல ஒண்ணும் உரசினதில்ல. இட்லி மாதிரி இருக்கும். முதல் மேட்டுலயே நீ கடிச்சு வச்சிருவ."

"என் தோலு அப்படி. நான் என்ன செய்ய?" என்றது பூட்ஸ். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

இடது செருப்பு யோசித்தது. தான் காலுக்கு உதவாமல் போனால்தான் அவள் பூட்ஸை இப்போதே போட்டுப் பழகுவாள். மறுநாள் சந்தைக்குப் போகையில் வாரின் குமிழைக் கழற்றிவிட்டது. அவள் குனிந்து அமுக்கி மாட்டிக்கொண்டு நடந்தாள். அப்படியானால் வாரையே அறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வலது செருப்பு பதறியது. "கிறுக்கா உனக்கு? நீ அறுந்தா ரெண்டு பேரும் குப்பைக்குத்தான். ஏரியப் பார்க்கணும்னு சொன்னதே நீதான்."

"நாம பார்க்காட்டி என்ன? அவ பார்க்கட்டும்," என்று சொல்லி அறுந்தது.

வேறு வழியில்லாமல் பூட்ஸ் பெட்டியை விட்டு இறங்கியது. முதல் நாளே கடித்தது. அவள் திட்டிக்கொண்டே தேங்காயெண்ணெய் தடவினாள், பிளாஸ்திரி ஒட்டினாள், சேலைக்குக் கீழே பூட்ஸோடு ரேஷன் கடைக்கு நொண்டினாள். "ஏட்டி, போலீஸ்ல சேந்துட்டியா?" என்று அடுத்த வீட்டு முப்பிடாதி கேட்டாள். கேலி அடங்குவதற்குள் குதிகால் தேறிவிட்டது. பூட்ஸுக்குத் தோலும் இளகியது, பேச்சும் இளகியது.

அறுந்ததை அவள் எறியவில்லை. படகுக்குப் பழைய செருப்பு வேணுமே. தையல்காரி வீட்டில் ஊக்குக்கா பஞ்சம்? வாரில் ஒன்றைக் குத்தி, ரெண்டையும் பைக்குள் போட்டாள்.

பாதி மலையில் சுடலைமணி எல்லார் காலையும் பார்த்தான். அவள் குதிகாலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "மேல வாங்கக்கா," என்றான்.

ஏரிக்கரையில் பூட்ஸ் நின்றுகொண்டது. செருப்புகள் அவளோடு படகில் ஏறின. சின்னப் படகு. லைஃப் ஜாக்கெட்டுக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு, ஊசிமுனையைப் பார்க்கிற மாதிரி துடுப்பையே பார்த்து அவள் போட்டாள். படகு செக்கு மாதிரி சுற்றியது. எதிரே எதையாவது பார்த்துப் போடச் சொன்னான், பக்கத்துப் படகில் வந்த சுடலைமணி. எதிரே தண்ணீரும் மூடுபனியும்தான், பார்க்க ஒன்றுமில்லை.

கடைசியில் துடுப்பை மடியில் வைத்தாள். "எனக்கு வராது தம்பி. கரைக்கு இழுத்துட்டுப் போயிரு."

அவள் இடது கால் படகுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. ஊக்கு வாயைத் திறந்தது. செருப்பு நழுவித் தண்ணீரில் விழுந்து, மல்லாந்து, மிதந்து முன்னால் போனது.

"என் செருப்பு போகுதே," என்று துடுப்பை எடுத்தாள். கண் செருப்பிலேயே இருந்தது. இந்தப் பக்கம் ஒரு போடு, அந்தப் பக்கம் ஒரு போடு. படகு நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. அவள் அதைக் கவனிக்கவேயில்லை.

கிட்டே போய்க் கையை நீட்டினாள்.

செருப்பு இன்னும் ஒரு முழம் தள்ளிப் போனது.