ஓடுகிற நிழலும் மேலக்குழியூர்ச் சறுக்குமரமும்

மேலக்குழியூர்க்காரர்களிடம் ஒன்றைச் சொல்லிவிட்டால் போதும், அதை அப்படியே செய்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார்கள். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் அந்த ஊரில் வாயே திறப்பதில்லை. சுகாதார ஆய்வாளர் கிளாரா அம்மா ஊருக்குப் புதுசு. திறந்துவிட்டார்.

சிறுவர் பூங்காவில் தகரச் சறுக்குமரம் ஒன்று. பங்குனி வெயிலில் அதில் சறுக்கிய பவளக்கொடிக்குத் தொடை இரண்டும் தோசை மாதிரி சிவந்துவிட்டது. ஐந்து வயதுப் பிள்ளை. அவள் அப்பா ஒச்சப்பன்தான் பூங்காக் கமிட்டித் தலைவன்.

"பிள்ளைங்க ஏறுற சாமான் இப்படியா கொதிக்கும்? நிழல்ல வைங்க. வெள்ளிக்கிழமை வருவேன். நிழல்ல இல்லேன்னா பூங்காவைப் பூட்டிருவேன்" என்றார் கிளாரா அம்மா.

பவளக்கொடி அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். "பூட்டிட்டா நான் எங்கப்பா சறுக்குவேன்?"

ஒச்சப்பன் உடனே கமிட்டி ஆட்களான கோட்டைச்சாமி, சுருளியாண்டி, மொக்கையன் மூன்று பேரையும் கூட்டிவந்து, சறுக்குமரத்தைப் பெயர்த்துப் புங்கமர நிழலில் வைத்தான்.

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் அது வெயிலில் நிற்கிறது.

"யாரோ நகர்த்திட்டாங்கண்ணே!"

ஒச்சப்பன் உற்றுப் பார்த்தான். "இல்லடா. இது வச்ச இடத்துலதான் இருக்கு. நிழல்தான் ஓடுது."

"அப்ப கட்டிப் போடணும்."

கோட்டைச்சாமி மாடு கட்டும் முளைக்குச்சிகளைக் கொண்டுவந்து நிழலின் ஓரமெல்லாம் அடித்தான். நிழல் நழுவிவிட்டது. மொக்கையன் அதன் மேலேயே உட்கார்ந்து பார்த்தான். அரை மணி நேரத்தில் அவனையும் வெயிலில் விட்டுவிட்டுப் போய்விட்டது.

"நன்றி கெட்டது" என்றான் மொக்கையன்.

வேறு வழியில்லை. நாலு பேரும் சறுக்குமரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு நிழலுக்குப் பின்னாலேயே நடந்தார்கள். பிள்ளைகளின் வரிசையும் கூடவே நடந்தது. உச்சிப் பொழுதில் நிழல் சுருங்கி மரத்தடியில் ஒடுங்கியது. சறுக்குமரத்தை நட்டக்குத்தலாக நிறுத்தி மரத்தோடு கட்டினார்கள்.

பவளக்கொடி அண்ணாந்து பார்த்தாள். "நான் இன்னும் ஒரு தடவைகூடச் சறுக்கலையேப்பா."

"முதல்ல நிழலைப் பிடிச்சுக்கிறோம் கண்ணு."

வெள்ளிக்கிழமை விடிந்தது. வானம் பூரா மேகம். தகரம் பானைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்து கிடந்தது. ஆனால் நிழலைக் காணோம். மொக்கையன் கிணற்றுக்குள்கூட எட்டிப் பார்த்தான்.

ஒச்சப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்மா பூட்டோட வந்துருவாங்கடா!"

சுருளியாண்டி ஓடிப்போய்த் திருவிழாவுக்குக் கட்டும் ஃபோகஸ் விளக்குகளைக் கொண்டுவந்து மரத்துக்கு வடக்கே நட்டான். சுவிட்சைப் போட்டதும் தெற்கே நிழல் விழுந்தது. அசையவே இல்லை. நாலு பேரும் அதைக் கும்பிட்டார்கள்.

கிளாரா அம்மா வந்து வண்டியை நிறுத்தவும், மேகம் விலகிச் சூரியன் அடிக்கவும் சரியாக இருந்தது. மரத்துக்கு மேற்கே இன்னொரு நிழல்!

"எதுலண்ணே வைக்கிறது?"

"விளக்கு நிழல் நாம எடுத்து வளர்த்தது" என்றான் சுருளியாண்டி.

"இது தானா வந்து நிக்குது. விரட்டுனா பாவமில்லையா?"

ஒச்சப்பன் யோசித்தான். தலைவனில்லையா! நாலு போல்ட்டைக் கழற்றச் சொன்னான். ஏணியை ஒரு நிழலில் நிறுத்தி, தகரத்தை இன்னொன்றில் போட்டார்கள்.

பவளக்கொடி ஏணியில் ஏறினாள். மேலே போனால் எதிரே ஒன்றுமில்லை. இறங்கினாள். நடந்துபோய்த் தகரத்தில் உட்கார்ந்தாள். நாலு பேரும் ஒரு முனையைத் தூக்க, சர்ரென்று வழுக்கி மண்ணில் விழுந்தாள்.

"சுடவே இல்லப்பா!"

பிள்ளையைத் தூக்க ஓடிவந்த கிளாரா அம்மா, ஊஞ்சலுக்கு அடியில் தேங்கிய சாக்கடைத் தண்ணீரை அப்போதுதான் பார்த்தார். "அந்த ஊஞ்சலை..." என்று ஆரம்பிப்பதற்குள் நாலு பேரும் ஊஞ்சலைக் கம்பத்தோடு பிடுங்கித் தோளில் வைத்துவிட்டார்கள்.

"ஐயையோ, ஒண்ணும் வேணாம்! அப்படியே இருக்கட்டும்!" என்று கத்திவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அப்படியே இருக்கட்டும் என்று சொன்னபோது ஊஞ்சல் எங்கே இருந்தது? தோளில். அப்படியே நின்றார்கள். பவளக்கொடி நாலு வாய்க்கும் சோறு ஊட்டிவிட்டு, ஏறி ஆடிக்கொண்டிருந்தாள். பொழுது சாயச் சாயப் புங்கமர நிழல் தானாகவே ஊர்ந்துவந்து நாலு பேர் மேலும் விழுந்தது.

"அண்ணே, வந்துருச்சுண்ணே!" என்றான் மொக்கையன்.

"மூச்சு விடாதே" என்றான் ஒச்சப்பன். "பயந்து ஓடிரப் போகுது."